சோடா ரொட்டியைக் கெடுப்பது அதிக உழைப்பே

அயர்லாந்தின் வீடுகளில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சுடப்பட்டுவரும் சோடா ரொட்டிக்கு மாவு, உப்பு, சமையல் சோடா, மோர் ஆகிய நான்குமே போதும். ஈஸ்ட் ரொட்டி செய்து பழகிய கைகள்தாம் இதில் பெரும்பாலும் தவறு செய்கின்றன. அந்நாட்டின் ஈரக் குளிரில் விளையும் கோதுமையில் பசைத்தன்மை குறைவு என்பதால், பிசைந்து மாவை இழுபடச் செய்யாமல் சோடாவைக் கொண்டே உப்பவைக்கும் முறை அங்கே வேரூன்றியது. ஆகவே பிசைதல்தான் முதல் தவறு. விரல்களை அகல விரித்து, கிண்ணத்தில் வட்டமாகச் சுழற்றி, உலர்மாவு மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மாவு விரல்களில் ஒட்டிக்கொண்டு, மேடுபள்ளமாகத் தெரிவதே சரியான பதம்.

மோரின் புளிப்பு சோடாவைத் தொட்டவுடனே வாயு பொங்கத் தொடங்குவதால், கலந்த மாவை ஊறவைப்பது அடுத்த தவறு. அடுப்பு முன்கூட்டியே 230 டிகிரி செல்சியஸில் சூடாகியிருக்க வேண்டும்.

பாட்டி எழுதிவைத்த குறிப்புகளில் கைப்பிடி, தேநீர்க் கோப்பை என்றே அளவுகள் இருக்கும். இன்றைய அளவில் 450 கிராம் மாவுக்குத் தலைதட்டிய 1 தேக்கரண்டி சோடாவும் 350 முதல் 400 மில்லி மோரும் போதுமானவை. நன்றாக உப்பட்டும் என்று சோடாவைக் கூட்டினால் ரொட்டியில் சோப்புச் சுவை ஏறிவிடும். சோடாவின் கட்டிகளைச் சலிக்காமல் போட்டால் அங்கங்கே மஞ்சள் திட்டுகள் தோன்றும். குறிப்பில் புளித்த பால் என்றிருந்தால், அது காய்ச்சாத பால் தானாகப் புளித்த காலத்து வழக்கம். இன்றைய பாக்கெட் பாலை வெளியே வைத்தால் கெட்டுத்தான் போகும். நீர் பெருக்கிய மோரிலும் வேண்டிய புளிப்பு இராது. பாலில் எலுமிச்சைச் சாறு கலந்து பத்து நிமிடம் விட்டுப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல்.

மேலே கீறும் சிலுவைக் குறியை வெறும் அலங்காரமாக எண்ணி மெல்லக் கீறுகிறார்கள். அது தேவதைகளை வெளியேற்றும் என்று அங்கே சொல்வதுண்டு; ஆனால் ஆழமாகக் கீறினால்தான் கடைசியாக வேகும் நடுப்பகுதிக்குச் சூடு எட்டும். முன்பு திறந்த அடுப்பில், மூடிமேல் தணல் பரப்பிய இரும்புச் சட்டியில் சுட்டார்கள். இன்றைய அடுப்பில் 15 நிமிடத்துக்குப் பின் 200 டிகிரிக்குக் குறைத்து மேலும் 30 நிமிடம் விட்டு, அடியைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்டால் எடுக்கலாம். சுடச்சுட அறுத்தால் உள்பகுதி பிசுபிசுக்கும். துணியில் சுற்றி ஆறவிட்டால் மேலோடு மெத்தென்றாகும். மறுநாளைக்கு வைத்தால் வறண்டுவிடுமாதலால் அன்றே வெண்ணெய் தடவித் தின்பதே முறை.