முதுகை நிமிர்த்தச் சொல்லும் முன் பெஞ்சைப் பாருங்கள்

"கூன் போடாதே, நேராக உட்கார்!" ஆசிரியர் அதட்டியதும் பையன் நிமிர்வான்; இரண்டு நிமிடத்தில் பழையபடி சுருண்டுவிடுவான். அவனைத் திட்டிப் பயனில்லை. பெஞ்சு அவனை அப்படித்தான் உட்கார வைக்கிறது.

ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே உயரத்தில் பெஞ்சு வாங்குவது பெரிய தவறு. சின்னப் பிள்ளையின் கால் தரைக்கு எட்டாது. தொங்கும் காலில் பெஞ்சின் விளிம்பு தொடையை அழுத்தி மரத்துப்போகச் செய்யும். அது தாங்காமல் பிள்ளை நுனிக்கு நகரும்; முதுகுச் சாய்மானம் இருந்தும் பயன்படாது. இ.என். 1729 என்ற ஐரோப்பியத் தரநிலையில் பள்ளி மேசை நாற்காலிக்கு எட்டு அளவுகள், அளவுக்கொரு நிறம். நமக்கு அவ்வளவு வேண்டாம். காலுக்கடியில் ஒரு மரக்கட்டை போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது இடைவெளி. பெருக்குவதற்காகத் தள்ளிய டெஸ்க் மறுநாளும் தள்ளியே நிற்கும். நோட்டை எட்டப் பிள்ளை நாள் முழுக்கக் குனிய வேண்டியதுதான். டெஸ்க்கின் விளிம்பு பெஞ்சு விளிம்புக்கு நேர் மேலே, அல்லது இரண்டு விரல் உள்ளே வரட்டும்.

ஓர் ஏழாம் வகுப்பில் பார்த்தேன். மூவர் பெஞ்சில் நால்வர். ஓரத்துச் சிறுமியின் முதுகுக்குப் பின்னால் புத்தகப் பை. பைக்குப் போக அவளுக்கு மிஞ்சியது நான்கு விரல் பலகை. ஒரு காலை நடைவழியில் ஊன்றி, இடுப்பை முறுக்கி எழுதிக்கொண்டிருந்தாள். ஆசிரியரோ அவள் கையெழுத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்! பை தரையிலோ கொக்கியிலோ இருக்க வேண்டும்.

இடது கையால் எழுதும் பிள்ளையைப் பெஞ்சின் இடது ஓரத்தில் அமர்த்துங்கள், முழங்கை இடிபடாது.

2025 ஜூலையில் தமிழ்நாட்டில் வகுப்பறை இருக்கைகளை 'ப' வடிவில் போடுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தே கழுத்து வலிக்கும் என்று பலர் எதிர்த்தார்கள். நியாயமான கவலைதான். ஆனால் நேர் வரிசையிலும் ஓரத்தில் இருப்பவன் ஆண்டு முழுக்க ஒரே பக்கம்தானே கழுத்தைத் திருப்புகிறான்? வாரம் ஒருமுறை இடப்பக்கத்தாரை வலப்பக்கம் மாற்றுங்கள்.

ஜூனில் பொருந்திய இடம் ஜனவரியில் பொருந்தாது. அந்த வயதில் பிள்ளைகள் மளமளவென்று வளர்கிறார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் ஒருமுறை டெஸ்க்குக்கு அடியில் குனிந்து பாருங்கள்: யார் கால் தொங்குகிறது, யார் முட்டி இடிக்கிறது என்று.