ஆங்கிலத்தில் தொகை சொல்லும்போது இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், அஸ்ஸாம், பங்களாதேஷ் பக்கமிருந்து வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில் எண் சொல்ல வேண்டியிருந்தால், 'ஃபிஃப்டீன்' என்று சொல்லாமல் 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். அறை வாடகை, ஆட்டோ கட்டணம், காட்பாடியில் ரயில் நேரம் எல்லாவற்றுக்கும் இது உதவும், அதிலும் வாடகை பேசும்போது கட்டாயம்.

ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் எங்கே அழுத்துகிறோம், சொல்லின் வால் எப்படி முடிகிறது என்பதில்தான் வேறுபடுகின்றன. பேசுகிற இரண்டு பேருக்குமே ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றால் நாம் ஒரு இடத்தில் அழுத்துவோம், அவர் வேறு இடத்தில் அழுத்துவார், வாலும் காதில் விழாது. விமானிகள்கூட ரன்வே எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத்தான் சொல்கிறார்கள், கேட்டதைத் திருப்பியும் சொல்கிறார்கள். அதனால் அவரையும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைச் சத்தமாகக் கத்தாதீர்கள் (நம்மில் பலர் செய்வது அதுதான்), சின்னதாக உடைத்து வேறு சொல்லில் சொல்லுங்கள். அவர் வேலூரை 'பெல்லூர்' என்றால் திருத்தவும் வேண்டாம், புரிந்துவிட்டதல்லவா, அப்புறம் என்ன?

உங்களுக்கு இந்தியோ வங்காளமோ ஓரளவு வரும் என்றால் இந்தப் பாடே தேவையில்லை. மருந்தளவு, புள்ளி வைத்த எண், பத்திரம், ரசீது இதிலெல்லாம் வாய்ப்பேச்சை நம்பாமல் எழுதியே காட்டிவிடுங்கள்.