தொட்டில் நின்றதும் முழிக்கிற பிள்ளை

முதல் பிள்ளை பிறந்த வீட்டில் மூன்றாம் மாதத்தில் பேச்செல்லாம் ஒன்றுதான்: "பிள்ள ராத்திரி ஒறங்கவே மாட்டேங்கு." நாகர்கோவில் ஃபிளாட்டிலும் அதே பேச்சு, குளச்சல் கடற்கரை வீட்டிலும் அதே பேச்சு. தவறுகளும் அதேதான். நாமெல்லாம் ஒரு காலத்தில் செய்தவை. பசி, ஈரத்துணி, மூக்கடைப்பு இவற்றை யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். அவற்றை விட்டுவிடலாம்.

ஆழ்ந்து உறங்கும்வரை ஆட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இதுதான். உத்தரத்தில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், அதில் அம்மாவின் பழைய காட்டன் சேலை, சேலையை விரித்துப் பிடிக்க ஒரு கம்பு, பாய்வரை நீளும் ஒரு கயிறு. தொட்டில்மேல் குற்றமில்லை. அழுகிற பிள்ளையை அமர்த்த அதைப் போல வேறொன்று இல்லை. ஆட்டி ஆட்டியே முழு உறக்கத்துக்குக் கொண்டுபோவதுதான் வினை.

கைக்குழந்தைக்கு உறக்கம் ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு ஒரு சுற்று. பெரியவர்களுக்கு 90 நிமிடம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அரை விழிப்பு வரும். நாம் புரண்டு படுத்துக்கொள்கிறோம், காலையில் நினைவிருக்காது. ஆடிக்கொண்டே கண் மூடிய பிள்ளைக்கு அப்போது ஆட்டத்தைக் காணோம். அழும். கயிற்றை இழுத்தால் உறங்கும். அடுத்த சுற்றில் மறுபடி அழும். கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, தானும் பாதி உறக்கத்தில் இழுத்துக்கொண்டே கிடக்கிற அம்மாக்கள் உண்டு. மோட்டார் தொட்டில் வாங்கினால் தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் பெய்கிற மாவட்டம் இது. கரண்டு போனதும் பிள்ளை முழித்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சேலை குழிந்து, கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் ஒடுங்கும். அதனால் ராத்திரி முழுக்க யாரும் பார்க்காமல் பிள்ளையை அதில் விடக்கூடாது. தரையில் பாய், அதன்மேல் சுருக்கமில்லாமல் விரித்த ஒரு துணி, மல்லாக்கப் படுத்த பிள்ளை. ராத்திரிக்கு அதுதான் படுக்கை. தலையணை, பஞ்சு மெத்தை, பக்கத்தில் அணை கொடுக்கிற உருளை எதுவும் வேண்டாம். குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் சொன்னது. அதன்பின் அங்கே உறக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன.

பழக்கத்தை மாற்ற நாலு மாதம் நிறையட்டும். ராத்திரியின் முதல் உறக்கத்தில் மட்டும் தொடங்குங்கள். உறக்கச் சடவு அப்போதுதான் அதிகம், பிள்ளை லேசில் இணங்கும். பகலில் பழையபடியே ஆட்டுங்கள்.

முதல் மூன்று ராத்திரி: வழக்கம்போல ஆட்டி, கண் செருகுகிற நேரத்தில் நிறுத்துங்கள். நெஞ்சின்மேல் உள்ளங்கையை வையுங்கள். சிணுங்கினால் மறுபடி ஆட்டி, மறுபடி நிறுத்துங்கள். ஐந்தாறு முறை ஆகலாம். அடுத்த மூன்று ராத்திரி: தொட்டிலை ஆட்டாமல் தட்டிக்கொடுங்கள், தட்டுவதை மெல்ல மெல்லக் குறையுங்கள். ஏழாம் ராத்திரி பாய். கிடத்தும்போது முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை. தலை முதலில் தாழ்ந்தால் விழுவதுபோல் திடுக்கிட்டு இரண்டு கையையும் விரிக்கும். கிடத்தியதும் கையை எடுத்துவிடாதீர்கள், இரண்டு நிமிடம் இருக்கட்டும்.

இரண்டு வாரம் பிடிக்கும். தடுப்பூசி போட்ட அன்றும் காய்ச்சல் நாட்களிலும் நிறுத்தி வையுங்கள். அழவிட்டுக் கதவைச் சாத்துவது இதில் கிடையாது. ஐந்தாம் நாள் பாட்டி வந்து, "மக்களே, பிள்ள தொண்ட கெட்டிரும், கொஞ்சம் ஆட்டு" என்பார். அந்த ஒரு ராத்திரி இணங்கினால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முனகினதும் தூக்குவது

பிறந்த குழந்தையின் உறக்கத்தில் பாதி சலன உறக்கம். முகம் சுளிக்கும், முக்கும், கண்ணை மூடியபடியே ஒரு குரல் அழும். அது உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நாம்தான் தூக்கி எழுப்புகிறோம். கண் மூடியிருந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். உண்மையான பசி என்றால் அழுகை கூடிக்கொண்டே போகும். முதல் வாரங்களில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பால் வேண்டும், அதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

பகலில் உறங்கவிடாமல் வைப்பது

களைத்தால் ராத்திரி நன்றாக உறங்கும் என்பது பெரியவர்களின் கணக்கு. அளவு மீறிக் களைத்த பிள்ளைக்கு உடம்பு முறுக்கேறிவிடும்; உறங்க மறுக்கும், உறங்கினாலும் சீக்கிரம் முழிக்கும். நாலு முதல் பதினொரு மாதம் வரை பகலையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேர உறக்கம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் விழித்திருக்கக்கூடிய நேரம் நாலு மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டு மணி, ஒரு வயதில் மூன்றிலிருந்து நாலு மணி. பார்வை விலகுவது, புருவம் சிவப்பது, காதைத் தேய்ப்பது தெரிந்ததும் கிடத்துங்கள். அழத் தொடங்கிய பிறகு கிடத்தினால் நேரம் தவறிவிட்டது.

வயிறு நிறைய ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடி

ஆறு மாதத்துக்கு முன்னே கூடாது. அதற்குப் பிறகும் அது சாப்பாடு, உறக்க மருந்து இல்லை.

கசகசா

ஒரு துளியும் வேண்டாம். அபினிச் செடியின் விதை அது.

குல்லாவும் ஸ்வெட்டரும்

நம் ஊர் ஊட்டி இல்லை. பிடரி வியர்த்திருந்தால் கழற்றுங்கள்.

சாம்பிராணியும் கொசுவர்த்தியும்

புகை எதுவும் வேண்டாம். கொசுவலை போதும்.

விடியுமுன் எரிகிற விளக்கு

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில் விடிவதற்கு வெகு முன்னே டியூப்லைட் எரியும். முட்டத்தில் கடலுக்குப் போகிற வீட்டிலும் அப்படித்தான். இரவு எது பகல் எது என்கிற பிடிப்பே பிள்ளைக்கு இரண்டிலிருந்து நாலு மாதத்துக்குள்தான் வரும். அதை வகுத்துக் கொடுப்பது வெளிச்சம். மூன்றரைக்கு விளக்குப் போட்டால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு விடிந்தது மூன்றரைக்கே. புறப்படுகிறவர் உடுப்பு, தலைவிளக்கு, கத்தி எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே முன்னறையில் எடுத்து வைக்கட்டும். பிள்ளை கிடக்கிற அறையில் சுவிட்சைத் தொட வேண்டாம். பால் கொடுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு சின்ன பல்பு. காலையில் ஆறரை ஏழு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள், மழை நாளானாலும் திண்ணையிலாவது.