ஆட்டோமேட்டிக் காப்பி மிஷின்: தண்ணீரில் தொடங்கும் தவறுகள்

வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் பெட்டியோடு எஸ்பிரெஸ்ஸோ மிஷினையும் கொண்டு வருகிறார்கள். கொட்டையைப் போட்டு பொத்தானை அமுக்கினால் போதும், அரைத்து, அழுத்தி, காப்பி இறக்கி, சக்கையையும் தானே உள்ளே தள்ளிவிடும் முழு ஆட்டோமேட்டிக் மிஷின். கொஞ்ச நாளில் நாகர்கோவிலிலிருந்தோ தக்கலையிலிருந்தோ எனக்கு போன் வரும். கேட்கிற கேள்வியைப் பார்த்தால் ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்துதான். தொட்டியைச் சரியாக மாட்டணும், கப்பை அடியில் வைக்கணும் என்பதெல்லாம் கூடவே வரும் புத்தகத்தில் இருக்கிறது, அதை விடுகிறேன்.

தண்ணீர்

காசைத் தின்னும் தவறு இதுதான். இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

என் மச்சினன் குளச்சலில் இருக்கிறான். துபாயில் வைத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினை ஊருக்குக் கொண்டு வந்தான். சில மாதங்களில் காப்பி சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது, சூடும் குறைந்தது, பம்ப் முக்கி முனகிற சத்தம் வேறு. அவன் முதலில் கொட்டையைக் குற்றம் சொன்னான். சிக்மகளூரிலிருந்து புதுசாக வரவழைத்தான். அப்புறம் அரைப்பதை இன்னும் நைசாக்கினான், அதில் இருந்த கொஞ்ச ஓட்டமும் நின்றது. டீஸ்கேல் பண்ணினாயா, அதாவது உள்ளே படிந்த சுண்ணாம்பைத் திரவம் ஊற்றிக் கரைத்தாயா என்று கேட்டேன். "லைட்டு எரியலல்லா அத்தான், பின்ன என்னத்துக்கு?" என்றான்.

டீஸ்கேல் பண்ணச் சொல்லி எரியும் அந்த லைட்டை நம்புவதுதான் கோளாறே. பெரும்பாலான வீட்டு மிஷின்களில் உள்ளே எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடியது என்று கணக்கு வைத்து, நாம் முதல் நாள் கொடுத்த தண்ணீரின் கடினத்தன்மை (சுண்ணாம்பு அளவு) எண்ணோடு சேர்த்துப் பார்த்து, 'இப்போது நேரம் வந்திருக்கும்' என்று யூகித்து லைட்டைப் போடுகிறது, அவ்வளவுதான். துபாய் குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த மென்மையான தண்ணீர். அங்கே மிஷினோடு வந்த சோதனைப் பேப்பரை நனைத்துப் பார்த்து, சரியாகவே மிகக் குறைந்த அளவில் செட் பண்ணியிருக்கிறான். குளச்சலில் ஊற்றியதோ வீட்டு போர் தண்ணீர். மிஷின் இன்னும் துபாயில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டது.

தண்ணீர் சூடாகும்போது அதிலுள்ள கால்சியம் சூடேற்றும் குழாயின் உட்சுவரில் படியும். அந்தக் குழாய் ரொம்பக் குறுகல். படிவு ஏற ஏற ஓட்டம் குறையும், சூடும் தண்ணீருக்குப் போய்ச் சேராது. அதனால் காப்பி ஆறிப்போய், புளிப்பாக, சக்தியில்லாமல் வரும். அதைக் கொட்டையின் குணம் என்று நினைத்து ஆளாளுக்குக் கொட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு மேல் பக்கத்து வீட்டு மாமா வினிகர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். வீடு முழுக்க ஊறுகாய் வாடை. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களுக்கும் வினிகர் ஆகாது. படிவு பாளம் பாளமாகப் பெயர்ந்து போய் வால்வில் மாட்டிக்கொண்டது. மிஷினை வெளியூர் சர்வீஸுக்கு அனுப்பினான். அவர்கள் கேட்ட காசை இங்கே எழுதினால் அவன் என்னோடு பேசமாட்டான்.

சரி, என்ன செய்யணும்? மிஷினோடு வரும் சோதனைப் பேப்பரை தினமும் எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்களோ அதிலேயே நனைத்துப் பார்த்து அந்த எண்ணை மிஷினுக்குச் சொல்லுங்கள். பேப்பர் தொலைந்துவிட்டால் மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். குடிக்க நன்றாக இருக்கிறதே என்பது கணக்கில் வராது. நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை கூட விடலாம். மிஷின் புத்தகத்தில் இருக்கும் ஜெர்மன் டிகிரி ஒன்று கிட்டத்தட்ட 18 மில்லிகிராம், அப்படிப் பார்த்தால் அந்த 600 என்பது 33 டிகிரிக்கும் மேல். மனிதன் தாங்குவான், மிஷின் தாங்காது. டிடிஎஸ் மீட்டரைக் காட்டி என்னிடம் வாதாடுகிறவர்களும் உண்டு. அது கரைந்திருப்பதை எல்லாம் சேர்த்துச் சொல்லும், எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு உப்பு என்று பிரித்துச் சொல்லாது.

நம் மாவட்டத்தில் இன்னொரு தொல்லை. நாகர்கோவில் குழாயில் வரும் முக்கடல் அணைத் தண்ணீர் மழைத் தண்ணீர், கடலோர போர் தண்ணீர் வேறு சாதி, ஆனால் பல வீடுகளில் இரண்டும் ஒரே மாடித் தொட்டியில்தான் போய் விழும். மழைக்காலத்தில் எடுத்த அளவு ஏப்ரலில் செல்லாது, குழாய்த் தண்ணீர் வராத நாளில் போர் மோட்டாரைத்தான் போடுவோம். அதனால் கோடையில் ஒரு தடவை மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

கடலோரத்தில் உப்பு ஏறிய கிணறு என்றால் டீஸ்கேலும் காப்பாற்றாது. மிஷின் தொட்டிக்குள் மாட்டும் பில்டர் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், உப்பிலுள்ள குளோரைடு அப்படியே உள்ளே போய் உலோகத்தை அரிக்கும். அங்கே ஆர்ஓ தண்ணீர்தான் வழி. ஆனால் வெறும் ஆர்ஓவில் காப்பி சப்பென்று இருக்கும். காப்பிக்கு லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை ஏதாவது கரைந்திருப்பது நல்லது என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் அளவு. ஆர்ஓவோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்தால் போதும். டிடிஎஸ்ஸைக் கூட்டுகிறேன் என்று ஆர்ஓவில் இருக்கும் கலக்கும் திருகைத் திறந்து அதே உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கலக்காதீர்கள், அதையும் செய்த ஆட்கள் உண்டு.

டீஸ்கேலுக்குக் கம்பெனி சொல்லும் திரவத்தையே வாங்குங்கள். பாதியில் நிறுத்தக் கூடாது, அமிலம் உள்ளேயே நின்றுவிடும். மின்வாரியம் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தும் நாளா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பில்டர் காப்பித்தூள்

கொட்டை போடும் இடத்தில் எந்தத் தூளையும் போடக் கூடாது. தூளுக்கென்று தனி வாய் இருந்தாலும் சிக்கரி கலந்தது வேண்டாம். கடையில் கிடைக்கும் கலவையில் பாதி வரைக்கும் சிக்கரி இருக்கலாம், சட்டமே 51 சதவீதம் காப்பி இருந்தால் போதும் என்கிறது. சிக்கரி ஈரம் பட்டதும் பிசுபிசுவென்று ஆகி வடிகட்டியை அடைத்துவிடும். உங்களுக்கு சிக்கரி ருசிதான் வேணும் என்றால் பித்தளை பில்டரை எடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

கருப்பட்டி

கப்பில் மட்டும். தண்ணீர்த் தொட்டியில் கருப்பட்டி கரைத்த வீட்டை எனக்குத் தெரியும்.

கொட்டை

மேலே எண்ணெய் மினுங்கும் கொட்டையை வாங்காதீர்கள், அரைக்கும் பற்களில் அப்பிக்கொண்டு கொட்டை கீழே இறங்காது. கால் கிலோ பிடிக்கிறது என்று கால் கிலோவையும் கொட்டி வைப்பதும் தவறு. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, கொட்டை நமத்துப் போகும். இரண்டு நாளைக்கு வேண்டியதைப் போட்டுவிட்டு மிச்சத்தை இறுக்கி மூடி வையுங்கள். மான்சூன்ட் மலபார் என்று ஒரு ரகம் இருக்கிறதே என்பார்கள். அது வறுக்காத பச்சைக் கொட்டையை மழைக்காற்றில் ஊற விடுவது. வறுத்த கொட்டை அடுப்படியில் நமத்துப் போவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

அரைக்கும் திருகு

தூள் எவ்வளவு நைசாக வரணும் என்று வைக்கும் இந்தத் திருகை அரைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் திருப்பணும், ஒரு தடவைக்கு ஒரு படி. பழைய தூள் உள்ளே மிச்சம் இருக்கும், இரண்டு மூன்று காப்பி போன பிறகே வித்தியாசம் தெரியும். முதல் கப்பைக் குடித்துவிட்டு மறுபடி திருப்புகிறவர்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடுவார்கள்.

டம்ளர் நிறையணும் என்ற ஆசை

எட்டு ஒன்பது கிராம் தூள் வழியாக 150 மி.லி. தண்ணீரை ஓட்டினால் கடைசியில் வருவது கசப்பு மட்டும். நம் வீட்டுப் பால்காப்பிக்கு 30, 40 மி.லி. எஸ்பிரெஸ்ஸோ இரண்டு எடுத்து, மேலே காய்ச்சின பாலை ஊற்றுங்கள்.

சக்கையும் புரூ யூனிட்டும்

வெளியூர் போகும்போது சக்கையை உள்ளேயே விட்டுவிட்டுப் போனால் நம் ஊர் புழுக்கத்தில் திரும்பி வருவதற்குள் பூஞ்சை பிடித்திருக்கும். மிஷின் ஆனில் இருக்கும்போது சக்கைப் பெட்டியைக் காலி பண்ணுங்கள், இல்லாவிட்டால் பல மிஷின்களுக்குக் கணக்கு தெரியாது, காலிப் பெட்டியை வைத்துக்கொண்டே நிறைந்துவிட்டது என்று சொல்லும். பிலிப்ஸ், டிலோங்கி வகைகளில் காப்பி இறக்கும் யூனிட்டைக் கையால் கழற்றலாம். மிஷினை ஆஃப் பண்ணிவிட்டுக் கழற்றி, வாரம் ஒரு தடவை வெறும் தண்ணீரில் கழுவி, காய வைத்து மாட்டுங்கள், சோப்பு வேண்டாம், அதில் கிரீஸ் இருக்கிறது. யூரா (Jura) கம்பெனி மிஷினில் அது கழற்ற வராது, கழுவும் மாத்திரை போட்டுத்தான் கழுவணும்.

இன்வெர்ட்டர்

வேண்டாம். சூடேறும்போது 1500 வாட் வரை இழுக்கும்.

வெளிநாட்டு மிஷின்

பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகக் கூடாது. அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230, சொருகின உடனே கருகிவிடும். சவுதியில் ஓடுவது 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. தகட்டில் 50/60 என்று இருந்தால் பயமில்லை, 60 மட்டும் இருந்தால் பம்ப் சூடாகிச் சாகும். துபாய், குவைத் மிஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கே வாங்கிய வாரண்டி இங்கே செல்லுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் ஜாடி

குடித்து முடித்ததும் கழுவ மனமில்லையென்றால் பால் ஜாடி வைத்த மாடலுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். குழாயில் தங்கிய பால் நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும்.