ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி: வீட்டு நெட்வொர்க்கில் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் முறை

வீட்டில் நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் இணைந்த கோப்புச் சேமிப்புக் கருவி), பழைய கணினியில் ஓடும் சிறிய சர்வரோ வைத்திருப்பவர்கள் 192.168.1.50 போன்ற ஐபி முகவரியை ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்தி அடிக்க வேண்டியதில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற உரைக்கோப்பில் ஒரு வரி சேர்த்தால், எண்ணுக்குப் பதிலாகப் பெயரே போதும்.

ஒரு பெயரை அடித்ததும் இயங்குதளம் வழக்கமாக முதலில் இந்தக் கோப்பைப் பார்க்கிறது. அங்கே பெயர் இல்லாவிட்டால்தான், பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. இந்த முறை டிஎன்எஸ்ஸுக்கும் மூத்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்திலிருந்து மற்ற இடங்களுக்கு நகலாகச் சென்றன. கணினிகள் பெருகி அது கட்டுப்படியாகாமல் போன நிலையில், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்.

முதலில் கருவியின் முகவரியை நிலைப்படுத்துங்கள். ரவுட்டர் டிஎச்சிபி என்ற முறையில் தானாகத் தரும் முகவரி மாறக்கூடியது. கோப்பில் நீங்கள் எழுதிய எண் தானாக மாறாது. எனவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கருவிக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து கோப்பைத் திறக்க வேண்டும். விண்டோஸில் நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, அதன் 'ஓபன்' பெட்டியில் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள கோப்புறைகளில் இறங்குங்கள். அங்கே கோப்பு எதுவும் தென்படாது. பயப்பட வேண்டாம், இந்தக் கோப்புக்குப் பின்னொட்டு கிடையாது என்பதால், கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால்தான் தெரியும். சேமிக்கும்போது டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டு ஒட்டிக்கொண்டால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸிலும் மேக்கிலும் ஈடிசி கோப்புறையில் உள்ள கோப்பை சூடோ (நிர்வாகி) அனுமதியுடன் நேனோ என்ற எடிட்டரில் திறந்தால் போதும்.

ஏற்கெனவே உள்ள லோக்கல்ஹோஸ்ட் வரிகளைத் தொடாமல், கடைசியில் இப்படி ஒரு வரி சேர்க்கவும் (கோப்பில் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்):

192.168.1.50    நாஸ்.ஹோம்.அர்பா    நாஸ்

இடப்பக்கம் முகவரி, பிறகு இடைவெளி, பிறகு ஒன்றோ பலவோ பெயர்கள். ஹோம்.அர்பா என்பது வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட பின்னொட்டு. லோக்கல் என்ற பின்னொட்டை, கருவிகள் டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே ஒன்றையொன்று பெயரால் கண்டறியும் எம்டிஎன்எஸ் முறை பயன்படுத்துவதால் அதைத் தவிர்ப்பது நல்லது. போர்ட் எண்ணையோ, எல்லாத் துணைப்பெயர்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறியையோ இங்கே எழுத முடியாது.

இனி சோதனை. டெர்மினலில் பிங் கட்டளையுடன் நாஸ் என்று கொடுத்தால், நீங்கள் எழுதிய முகவரி பதிலில் தெரிய வேண்டும். இதற்கு என்எஸ்லுக்கப் கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள்: அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய், பெயர் இல்லை என்று சொல்லிவிடும், புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பிரவுசரில் நாஸ் என்று மட்டும் அடித்தால் அது தேடுபொறிக்குப் போகக்கூடும் என்பதால் பின்னால் ஒரு சாய்கோடு சேர்த்து அடியுங்கள். பழைய விடையே வந்துகொண்டிருந்தால் விண்டோஸில் டிஎன்எஸ் கேஷை (நினைவில் வைத்திருக்கும் பழைய விடைகளை) அழித்து, பிரவுசரை மூடித் திறக்க வேண்டும்.

இந்த வரி அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லுபடியாகும். அதே வைஃபையில் உள்ள கைபேசிக்கு நாஸ் யார் என்று தெரியாது. வீடு முழுவதற்கும் பெயர் வேண்டுமானால், ரவுட்டரிலோ பை-ஹோல் போன்ற உள்ளூர் டிஎன்எஸ்ஸிலோதான் எழுத வேண்டும்.

நான் ஒருமுறை ஒரு தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் முன் சோதிப்பதற்காக அதன் பெயரை இங்கே எழுதிவிட்டு மறந்துபோனேன். சில மாதங்கள் கழித்துத் தளம் இன்னொரு சர்வருக்குப் போனபோது, எல்லோருக்கும் திறந்த பக்கம் எனக்கு மட்டும் திறக்கவில்லை. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்ட பிறகே கோப்பு நினைவுக்கு வந்தது. இப்போது தற்காலிக வரி எதுவானாலும், அதன் மேலே # குறியிட்டுத் தேதியையும் காரணத்தையும் எழுதிவைக்கிறேன் (அந்தக் குறிக்குப் பின் வருவதைக் கணினி கண்டுகொள்ளாது). வேலை முடிந்ததும் அந்த வரியின் முன்னாலும் ஒரு # போட்டுவிட்டால், கணினி மறுபடி டிஎன்எஸ்ஸிடமே கேட்கத் தொடங்கிவிடும்.