கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரே ஆட்டத் தொகுப்பு: ஸ்கிட் மென்பொருளில் பொதுத் தரவுத்தளம் அமைப்பது எப்படி?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்களிலும் மாலையில் செஸ் கற்க வரும் பிள்ளைகளுக்காக எங்களிடம் ஐந்து மடிக்கணினிகள் இருக்கின்றன. ஐந்துமே யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை. காற்று பலமாக வீசும் நாட்களில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடுவதால், இணையத் தேடலை நம்பி இங்கே பாடம் நடத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு கணினியிலும், ஏற்கெனவே ஆடப்பட்ட செஸ் ஆட்டங்களின் பதிவுகளைத் தனித்தனியே இறக்கி வைத்தோம். பலகையில் காய்கள் நிற்கும் ஒரே நிலை நாற்பது ஆட்டங்களில் வந்திருக்கிறது என்று மண்டபத்துப் பையனும், நூற்றிருபது ஆட்டங்களில் வந்திருக்கிறது என்று பாம்பன் பெண்ணும் சண்டையிட்டுக்கொண்ட நாளில்தான், எல்லோருக்கும் ஒரே தொகுப்பு வேண்டும் என்பது புரிந்தது. அதை அமைத்த முறையை, கணினி அதிகம் தெரியாதவர்களும் செய்து பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில், ஆட்டங்களைச் சேமித்துத் தேட உதவும் மென்பொருள். ஷேன் ஹட்சன் எழுதத் தொடங்கிய ஸ்கிட் என்ற மென்பொருளும், அதிலிருந்து கிளைத்த ஸ்கிட் வெர்சஸ் பிசி என்பதும் முற்றிலும் இலவசமானவை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். பழைய கணினியையும் திணறவைக்காது. இரண்டில் எது வேண்டுமானாலும் சரி, ஆனால் எல்லாக் கணினிகளிலும் ஒரே மென்பொருளையே நிறுவுங்கள். ஸ்கிட்டின் ஐந்தாம் பதிப்பு எஸ்ஐ5 என்ற புதிய கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. எஸ்ஐ4 என்ற பழைய வடிவத்தை மட்டுமே அறிந்த மென்பொருளால் அதைத் திறக்க இயலாது.

அடுத்து ஆட்டங்களைச் சேகரிக்க வேண்டும். செஸ் உலகம் ஆட்டங்களைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம் பிஜிஎன். அது வெறும் எழுத்துக் கோப்புதான். ஒவ்வோர் ஆட்டத்தின் தலைப்பிலும் போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு என்ற ஏழு குறிப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும். மார்க் கிரௌதர் 1994 முதல் நடத்திவரும் தி வீக் இன் செஸ் என்ற இணைய வார வெளியீடு, அந்தந்த வாரத்துப் போட்டி ஆட்டங்களை இந்த வடிவில் தருகிறது. இணையத்தில் செஸ் ஆடும் தளமான லிசெஸ், தன் தளத்தில் 2013 முதல் ஆடப்பட்ட ஆட்டங்களை மாத வாரியாக, எவரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் வெளியிடுகிறது. ஆனால் அண்மைக் காலத்து ஒரு மாதக் கோப்பிலேயே பல கோடி ஆட்டங்கள் இருப்பதால், தொடங்குவோர் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. தொகுப்பைப் பலருக்குப் பகிரப் போகிறோம் என்பதால், எந்த மூலத்திலிருந்து எடுத்தாலும் அதன் பயன்பாட்டு விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எல்லா ஆட்டங்களையும் வாரிப் போட்டுக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும். எங்கள் கரையில் விசைப்படகு வலையில் நல்ல மீனோடு சங்காயம் என்னும் கழிவு மீனும் சேர்ந்தே வரும். அதைக் கழித்துத் தரம் பிரித்த பிறகுதான் மீனுக்கு விலை பேசுவார்கள். ஆட்டத் தொகுப்பிலும் சங்காயம் உண்டு. ஸ்கிட்டில் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, டூல்ஸ் பட்டியலில் உள்ள பிஜிஎன் இறக்குமதி வசதி வழியே கோப்புகளைச் சேர்த்தபின், தலைப்புத் தேடலில் போட்டியின் பெயரில் பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்) என்று வருபவற்றையும், இருவரின் ரேட்டிங்கும் (ஆட்டத்திறன் மதிப்பெண்) மிகக் குறைவாக உள்ளவற்றையும் வடிகட்டி, நீக்கக் குறியிடுங்கள். ஒரு பிள்ளை ஓப்பனிங் எனப்படும் தொடக்க நகர்த்தல்களைக் கற்க, மூன்று நிமிட ஆட்டங்கள் பத்து லட்சத்தைவிட நிதானமாக ஆடிய ஐம்பதாயிரம் ஆட்டங்களே உதவும் என்பது என் கருத்து.

இனி வருவதுதான் உண்மையான வேலை: பெயர்கள். பிஜிஎன் வடிவம் குடும்பப் பெயரை முதலில் எழுதி, காற்புள்ளி இட்டு, பிறகு சொந்தப் பெயரை எழுதும் மேலை நாட்டு வழக்கத்தைக் கொண்டு வகுக்கப்பட்டது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு, அதையும் ஒருவர் முன்னால் எழுதுவார், இன்னொருவர் பின்னால் எழுதுவார். இதனால் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ், ஒரு கோப்பில் ‘குகேஷ் டி’ என்றும், மற்றொன்றில் ‘குகேஷ், டொம்மராஜு’ என்றும் இருப்பார். ஸ்கிட்டுக்கு அவர்கள் இரண்டு வேறு மனிதர்கள். பிரக்ஞானந்தாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு ஜி, இறுதியில் இரண்டு ஏ வர வேண்டும். அவற்றில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

மெயின்டெனன்ஸ் சாளரத்தில் பெயர்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. மென்பொருளுடன் வரும் எழுத்துக்கூட்டல் கோப்போடு ஒப்பிட்டு, அது திருத்தங்களைப் பரிந்துரைக்கும். பழைய புகழ்பெற்ற ஆட்டக்காரர்களுக்கு அது போதும். நம் ஊர்ப் பெயர்களுக்குப் பரிந்துரையைப் படித்துப் பார்க்காமல் ஏற்காதீர்கள், ஏனெனில் முதலெழுத்து மட்டும் வேறுபடும் இரண்டு கார்த்திக்குகள் ஒருவராகிவிட்டால், அவர்களைப் பிரிப்பது பெரும்பாடு. பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலே எங்களுக்கு விதி. ஆட்டத் தலைப்பில் ஃபிடே எண்ணும் இருந்தால் அதுவே இறுதித் தீர்ப்பு. மீதமுள்ளவற்றை நேம் எடிட்டர் வழியே ஒவ்வொன்றாக மாற்றினோம். இதைச் செய்தது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்; படகு கரையில் நின்றதால் மாலையில் வந்து உட்கார்ந்த அண்ணன் ஒருவர், செஸ் ஆடத் தெரியாமலேயே, எங்களைவிட வேகமாக இரட்டைப் பெயர்களைக் கண்டுபிடித்தார்.

பெயர்கள் சீரான பிறகே இரட்டை ஆட்டங்களை நீக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஒரே ஆட்டம் இரண்டு கோப்புகளிலிருந்து வந்திருந்தாலும், பெயர் வேறாக இருந்தால் மென்பொருளுக்கு அது இரட்டையாகத் தெரியாமல் போகலாம். அதே மெயின்டெனன்ஸ் சாளரத்தில் இரட்டைகளை நீக்கும் வசதியைத் திறந்து, ஆண்டு, மாதம், சுற்று, நகர்த்தல்கள் ஆகியவை ஒத்திருக்க வேண்டும் என்று குறியிடுங்கள். சுற்றை விட்டுவிட்டால், அதே இருவர் ஒரே போட்டியில் இரண்டு முறை குறுகிய டிரா செய்த ஆட்டங்களில் ஒன்று காணாமல் போகலாம். இரண்டில் சிறியதை நீக்கு என்றும், குறிப்புரை உள்ளதை வைத்துக்கொள் என்றும் தெரிவு செய்யுங்கள். குறியிடப்பட்டவை உடனே அழிவதில்லை. காம்பாக்ட் கட்டளை கொடுத்தால்தான் நிரந்தரமாகப் போகும், எனவே அதற்கு முன் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பின்னர் ஆட்டங்களை ஓப்பனிங்குகளைக் குறிக்கும், ஏ00 முதல் இ99 வரையிலான இசிஓ குறியீடுகளின்படி வகைப்படுத்தச் சொன்னால், அதை மென்பொருளே செய்துவிடும்.

உள்ளூர்ப் போட்டிகளில் நம் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களைத் தனித் தரவுத்தளமாக வையுங்கள். பொதுத் தொகுப்போடு கலக்காதீர்கள். அவற்றைக் கைப்பிரதியிலிருந்து தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து மிகவும் படுத்தும். ஆங்கிலச் சிறிய பி (b) என்றால் பி வரிசைச் சிப்பாய், பெரிய பி (B) என்றால் மந்திரி (பிஷப்). பி3-இல் சிப்பாயும் டி3-இல் மந்திரியும் நிற்கும்போது, சி4-இல் உள்ள காயை இரண்டாலும் வெட்ட முடியும். தங்கச்சிமடத்துச் சிறுமி ஒருத்தியின் தாளில் எல்லாப் பி-யும் ஒரே அளவில் இருந்தது. அவளையே பக்கத்தில் உட்காரவைத்து, பலகையில் காய்களை நகர்த்தித்தான் அந்த ஆட்டத்தை முடித்தோம்.

கடைசியாகப் பகிர்வு. எஸ்ஐ4 தரவுத்தளம் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், அட்டவணை, பெயர்கள், நகர்த்தல்கள் என மூன்று கோப்புகளால் ஆனது. முதல் முறை பென்டிரைவில் எடுத்துச்சென்ற பையன், எஸ்ஐ4 என்று முடியும் கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு பாலம் கடந்து மண்டபம் போய்விட்டான். அங்கே ஒன்றுமே திறக்கவில்லை. ஆகவே மூன்றையும் ஒரே கோப்புறையில் இட்டு, ஜிப் செய்து, பெயரில் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மூலப்பிரதி ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும். மற்றவர்கள் தங்கள் பிரதியை வாசிக்க மட்டும் என்ற நிலையில் திறக்கட்டும். பிழையைக் கண்டவர் தன் பிரதியில் திருத்தாமல், ஆட்டக்காரர் பெயர், போட்டி, சுற்று மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த மாதப் பிரதியில் அது எல்லோருக்கும் திருந்தி வரும். எங்கள் நோட்டில் இப்போது பதினேழு பெயர்கள் காத்திருக்கின்றன; அவற்றில் நான்கு, மேலே சொன்னது போன்ற கார்த்திக்குகள்.