மலைச்சரிவில் பழைய பொருட்களைக் கொண்டு வீடு கட்டுவது எப்படி?

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ சரிவான மனை வாங்குபவர்களில் பலர் முதலில் வரைபடத்தைப் போட்டுவிட்டு, அதற்கேற்ப மலையை வெட்டிச் சமப்படுத்துகிறார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால், சரிவைச் செங்குத்தாக வெட்டத் துணிவு வராது. நிலத்தையும் நீரோட்டத்தையும் கையில் கிடைத்த பொருளையும் அறிந்த பிறகே வரைபடத்தில் கை வைக்க வேண்டும்.

முதல் படி: நிலமும் நீரும்

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் மட்டத்தைக் கொண்டு, ஒரே உயரத்தில் உள்ள இடங்களில் முளையடித்துக் கயிறு கட்டுங்கள். வீட்டின் நீளவாக்கு இந்தக் கயிற்றை ஒட்டியே அமைந்தால் மண் வெட்டும் வேலை வெகுவாகக் குறையும். மழைக்காலத்தில் ஒருமுறையாவது மனையில் நின்று, தண்ணீர் எங்கிருந்து இறங்கி எங்கே போகிறது என்று பார்த்து, அந்தத் தடத்தை வீட்டுக்காக மறிக்காமல் விட்டுவிடுங்கள். மேட்டுப்புறத்தில் ஒரு வடிகாலும், தடுப்புச்சுவருக்குப் பின்னால் சரளை நிரப்பும், சுவரில் நீர்க்கசிவுத் துளைகளும் கட்டாயம் வேண்டும். தடுப்புச்சுவர்கள் பெரும்பாலும் சரிவது, பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால்தான். அஸ்திவாரத்தைப் படிப்படியாக, கொட்டி நிரப்பிய மண்ணில் அல்லாமல் இயற்கையான கெட்டி மண்ணில் இறக்க வேண்டும். இதற்கு மட்டும் மண் பரிசோதனைக்கும் பொறியாளருக்கும் ஆகும் செலவைக் குறைக்காதீர்கள்.

இரண்டாம் படி: பொருள் சேர்த்தல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு நிலைகளும் தூண்களும் கிடைக்கின்றன. அவற்றின் அழகில் மயங்கிவிடாமல், நிலையின் அடிப்பாகத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் அது கரையான் தின்ற அல்லது உளுத்த மரம். அந்த அளவை அறுத்துக் கழித்த பிறகு மிஞ்சும் உயரத்தில் ஆள் நிமிர்ந்து நுழைய முடியுமா என்று அளந்த பிறகே விலை பேசுங்கள். சமவெளியின் வறண்ட காற்றில் இருந்த மரம் மலையின் ஈரத்தில் உப்பும் என்பதால், சில வாரங்கள் நிழலில் அடுக்கி வைத்த பிறகே ஆசாரியிடம் கொடுக்க வேண்டும்.

பழைய செங்கற்களில் இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை எளிதாகப் பிரியும். சிமெண்டில் கட்டியவற்றைப் பிரிக்கும்போது பாதி உடைந்துவிடும் என்பதால் அவை மலிவாகக் கிடைத்தாலும் லாபமில்லை. சீமை ஓடுகளின் அடியில் பொறித்திருக்கும் ஆலைப் பெயரைப் பார்த்து, ஒரே ஆலையின் ஓடுகளை மட்டும் சேருங்கள். ஆலைக்கு ஆலை அச்சு மாறுவதால், கலந்து வேய்ந்தால் ஒன்றோடொன்று பொருந்தாமல் மழை ஒழுகும்.

லாரி ஏற முடியாத மனையில் கல்லும் மணலும் தலைச்சுமையாகவே வந்து சேரும். ஆகவே கருங்கல்லைப் பொறுத்தவரை பக்கத்து ஊர்களில் இடிபடும் கட்டடங்களையே முதலில் விசாரியுங்கள்.

மூன்றாம் படி: வரைபடம்

சேர்த்த கதவு, ஜன்னல், உத்திரம் ஒவ்வொன்றின் நீளம், அகலம், கனத்தையும் ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பட்டியலோடு பொறியாளரிடம் செல்லுங்கள். அறையின் அகலத்தை உத்திரத்தின் நீளமே தீர்மானிக்கட்டும். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், கூரைச் சரிவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நான்காம் படி: சுவரும் கூரையும்

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ என்னும் சுவர் கட்டும் முறையில் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதால், ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். அந்த வெற்றிடம் குளிரையும் ஓரளவு தடுக்கும். ஆனால் மண்ணைத் தாங்கும் சுவர்களுக்கு இந்தக் கட்டு உதவாது. அங்கே கருங்கல்லோ கான்கிரீட்டோதான் வேண்டும். தளம் போடும் இடங்களில், கூரைக்கு உதவாத உடைசல் ஓடுகளைக் கம்பிகளுக்கு இடையே பதித்தால் கான்கிரீட்டும் தளத்தின் எடையும் குறையும். கூரை நீரைத் தாழ்வாரக் குழாய் வழியாகத் தொட்டிக்கு இறக்கி, நிரம்பி வழியும் நீரை அஸ்திவாரத்தை ஒட்டி விடாமல், முதலில் பார்த்து வைத்த இயற்கையான தடத்தில் சேர்த்துவிடுங்கள்.